அத்திப்பள்ளி வரைக்கும் தாங்கும்

வியாழன், ராத்திரி.

கையில் டீசல் வாடை இன்னும் போகவில்லை. காலையில் கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொள்ள பாகலூர் ரோட்டு ஏற்றத்தில் வேனை நிறுத்தினேன். எல்லாரும் ஏறியதும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் மோட்டார் நன்றாகத்தான் சுற்றியது, அதனால் பேட்டரிக் கோளாறு இல்லை. சைலன்சரில் துளிப் புகைகூட இல்லை. அப்படியென்றால் இன்ஜினுக்கு டீசலே போகவில்லை. டீசல் பம்ப் போயிருந்தால் பிழைப்பே போச்சு. இன்னொரு தரம் வழியில் நின்றால் வேறு வண்டி பார்ப்போம் என்று, அவர்களுக்காகப் பேசுகிற நஸ்ரீன் போன வாரமே சொல்லியிருந்தாள்.

ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன். நுரைதான் வந்தது. குழாயில் காற்று புகுந்திருக்கிறது. கர்நாடகாவில் டீசல் விலை குறைவு, எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும் தாங்கும் என்று டாங்கைக் காயவிடுகிற புத்தி இந்த ஊரில் எனக்கு மட்டுமா இருக்கிறது? மிச்சமிருந்த கொஞ்சமும் ஏற்றத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது.

பக்கத்துப் பெட்ரோல் பங்கில் நஸ்ரீனே கேனில் டீசல் வாங்கி வந்தாள். ஊற்றிவிட்டு, நுரை நிற்கும்வரை அடித்து, திருகை முறுக்கினேன். அடுத்த செல்ஃபில் எடுத்துக்கொண்டது.

“அண்ணா, வண்டிக்கு அப்பப்ப தமிழ்நாட்டு டீசலையும் காட்டுங்க” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

கம்பெனி கேட்டில் இறங்கும்போது, “நாளைக்கும் அதே இடம்தானேண்ணா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, கொஞ்சம் தள்ளி. சமமா இருக்கிற இடத்துல நிக்கிறேன்.”

சரி என்று தலையாட்டினாள். வேறு வண்டி பார்க்கிறவள் இடம் கேட்க மாட்டாள்.