மை தொட்ட விளிம்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் போனில் என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறாய். அதனால்தான் உன் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதுகிறேன். கிழித்துப் போடாதே.

அப்பாவின் புற்று வந்த உணவுக்குழாயை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றை மேலே இழுத்துக் கழுத்தில் தைத்திருக்கிறார்கள். இப்போது பசித்தால் கழுத்தைத் தடவுகிறார். பெரிய டாக்டர் மாணவர் கூட்டத்தோடு வந்தார். "எல்லாத்தையும் எடுத்தாச்சு பெரியவரே" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பட்டறையில் பழைய பஸ்ஸை வெட்டுகிறவன் நான். அதற்குக்கூட இதைவிடப் பொறுமை வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய அப்பாதான். சாப்பாட்டுக்குப் போட்ட குழாயில் ஊற்றிய பால் சுட்டதாம். ஃபிளாஸ்கை என் பெண்டாட்டி முகத்தில் வீசினார். உதட்டில் தையல். இவள் பெட்டி கட்டுகிறாள். கொஞ்ச நாள்தானே என்றேன். "எத்தனை நாள்? சொல்லுங்க, பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன்" என்கிறாள்.

நீ லேபில் இதே வேலைதானே பார்க்கிறாய். பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகல் உள்ளே இருக்கிறது. எவ்வளவு காலம் என்று சொல். அதுவரை இவளை நிறுத்திவைக்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 15

தம்பி,

ரிப்போர்ட்டைப் படித்தேன். வெட்டிய துண்டு எங்களிடம் வந்ததும் அதன் வெளிப்புறம் முழுக்க மை பூசுவோம். கத்தி போன விளிம்புக்கு அதுதான் அடையாளம். பிறகு மெல்லிசாகச் சீவிப் பார்ப்பார்கள். கட்டிக்கும் மைக்கும் நடுவே நல்ல சதை இருந்தால் நிம்மதி. அப்பாவுக்கு மேல் முனை சுத்தம், கீழ் முனை சுத்தம். பக்கவாட்டில் கட்டி மையைத் தொடுகிறது. உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கலாம். திரும்ப வர வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட் வருவதற்கு முன்பே உன் டாக்டர் வாயை விட்டிருக்கிறார். போய்க் கேள். கதிர் வைக்கலாமா, மருந்து ஏற்றலாமா என்று வழியை மறித்துக் கேள்.

ஆனால் விளிம்பு தேதி சொல்லாது. இப்படி வந்தவர்களில் சீக்கிரம் போனவர்களும் உண்டு, வருஷக்கணக்கில் இருந்தவர்களும் உண்டு.

அவரை நீ பார்த்துக்கொள். அவளை விடு. அம்மாவையும் "இன்னும் கொஞ்ச நாள்" என்றுதான் நிறுத்திவைத்தார்கள், பாடையில் ஏற்றும்வரை. என் இடது காது ஏன் கேட்காது என்று உனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சாவு பயத்தில் அடங்குவார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "எனக்கு நாள் குறிக்கிறாளா அந்தச் செவிட்டுச் சிறுக்கி? உங்க எல்லாரையும் அனுப்பிட்டுத்தான்டா நான் போவேன்" என்று கைத்தடியை எடுத்தார். இவள்மேல் ஓங்கினார். பாப்பா குறுக்கே ஓடி வந்தாள். அவள் முழங்கை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் அவர் கழுத்தைப் பிடித்தேன். தைத்த இடம் என் விரலுக்கடியில் துடித்தது. அவர் சிரித்தார் அக்கா. விட்டுவிட்டேன்.

இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலை மறித்தேன். கோபத்தில் ஒரே ஒரு அடி. தப்பாக நினைக்காதே. அப்படியும் என்னைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். அங்கே வந்தால் அனுப்பிவை. குழாயில் ஊற்ற ஆள் வேண்டும், நான் பட்டறைக்குப் போக வேண்டாமா?

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். பாப்பா மாவுக்கட்டின் மேல் பேனாவால் மீன் வரைகிறாள். "அத்தை, அப்பாவும் தாத்தா மாதிரியே கத்துறாரு" என்றாள். நீ சொன்ன ஒரே ஒரு அடியில் அவள் அம்மாவின் உதட்டுத் தையல் பிரிந்திருந்தது. மறுபடி தைத்தபோது கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன்.

இங்கே வராதே. தெருமுனையில் நின்றாலும் போலீசைக் கூப்பிடுவேன்.

தெரிந்து வெட்டுகிறவர்கள் கட்டியை மட்டும் வெட்டுவதில்லை. சுற்றியிருக்கும் நல்ல சதையையும் சேர்த்தே எடுப்பார்கள். கொஞ்சம் விட்டாலும் திரும்ப வரும். வீட்டை விட்டு வந்த அன்று அப்பாவை மட்டும் வெட்டிவிட்டு, போனைத் தடுத்தாலும் உன்னை நல்ல சதை என்று விட்டுவைத்தேன். நாலு கடிதம் வரை விட்டுவைத்தேன்.

குழாயில் ஊற்றும்போது அவர் தலையை உயர்த்தி வை. பாலை ஆறவைத்து ஊற்று. நீயே ஊற்று.