பூசணியின் வலப்பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. என் பேனாவே நம்பவில்லை, முதல் வரியிலேயே மையைக் கக்கிவிட்டது. ஆனாலும் சத்தியம் செய்து சொல்கிறேன்: முப்பத்தாறு டன் எடையுள்ள ஒரு டாங்கியின் தலையெழுத்து, ஒரு சின்னப் பெண் கையிலிருக்கும் பஞ்சில் தொங்குகிறது.

அந்தச் சின்னப் பெண் என் அக்கா மகள். எங்கள் டாங்கி அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் காப்பாட்சியர். நான் அதே இடத்தில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக், பெயின்டர், பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் மகாவித்வான். தோளில் உட்கார்ந்து என் முடியைப் பிடுங்கியே என்னை வழுக்கையாக்கிய குழந்தை, இன்று எல்லார் முன்னாலும், "சார், பழைய வேலைப் பதிவேட்டை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"மாமான்னு கூப்பிட்டா நாக்கு தேஞ்சிடுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வீட்ல மாமா. இங்க சார். நீங்களும் இங்க பாப்பான்னு கூப்பிடாதீங்க."

பாப்பா சொன்னால் சரி.

மார்ச் 4, புதன்

விஷயம் இதுதான். புதுக் கூடம் கட்டி முடித்துவிட்டார்கள். ஈரம் புகாது, தூசு புகாது, என் குரட்டை கூடப் புகாது. அதில் ஐந்து டாங்கிகளுக்குத்தான் இடம். எங்களிடம் இருப்பது ஆறு. எதற்கு வரலாறு உறுதியாகத் தெரிகிறதோ அதற்குத்தான் உள்ளே இடம் என்று அருங்காட்சியகக் குழு சொல்லிவிட்டது. வரும் இருபதாம் தேதி கூடி முடிவெடுக்கிறார்கள்.

மற்ற ஐந்துக்கும் காகிதம் இருக்கிறது. பூசணிக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. (உருண்டைத் தலை, பச்சை நிறம், அதனால் பூசணி. பெயர் வைத்தவன் அடியேன்.) உடம்பில் எழுதியிருந்த படை எண் கிடைத்தால், எந்தப் படையில் ஓடியது, யார் ஓட்டினார்கள் என்று பழைய ஏடுகளில் தேடிப் பிடித்துவிடலாம். கிடைக்காவிட்டால், ஊர் நடுவே நாற்சந்தியில் மேடை கட்டி ஏற்றிவிடுவார்கள். மூடிகளையெல்லாம் வெல்டிங் வைத்து அடைத்து, வெயிலுக்கும் மழைக்கும் காக்கைக்கும் தாரை வார்த்துவிடுவார்கள். பத்து வருடத்தில் உள்ளே துருவைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

மாலை பாப்பா என் பின்னாலேயே வந்து, நான் பார்வையாளர்களுக்குச் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டாள். பூசணி ஒரு ஆற்றை நீந்திக் கடந்தது. அதன் பீரங்கிக் குழாய்க்குள் எட்டுக் கோழிகள் குடித்தனம் நடத்தின. தளபதி தும்மியதில் ஒரு முறை தானாகச் சுட்டுவிட்டது. யாரோ இரும்பில் டங் டங்கென்று தட்ட, நான் வழக்கம்போல உதட்டில் விரல் வைத்து, "தட்டாதீங்கப்பா, உள்ளே ஆள் தூங்குறான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பாப்பா சிரிக்கவில்லை.

"மொத்தம் பதினேழு பொய் சார். நாளையிலேர்ந்து ஒண்ணும் கூடாது."

பதினேழா? இன்று எனக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

பூசணியின் இடப்பக்கத்தில் பாப்பா "ஜன்னல்" திறந்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு சதுரம். அதற்குள், ஏதோ ஒரு திரவத்தில் நனைத்த பஞ்சாலும் மெல்லிய கத்தியாலும் பெயின்டை அடுக்கடுக்காக எடுப்பது. மேல் அடுக்கு, அதற்குக் கீழ், அதற்கும் கீழ் என்று இறங்கினால் கடைசியில் பழைய எண் தெரியும். மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் செய்தாள். நானாயிருந்தால் மூன்று முறை டீ குடித்திருப்பேன்.

என் பச்சை போனது. அடுத்து வெறும் இரும்பு.

இன்னொரு இடத்தில் திறந்தாள். பச்சை. இரும்பு. ஆறு ஜன்னல். ஆறிலும் அதேதான்.

பதிவேட்டைப் புரட்டினாள். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய பக்கம், என் முத்துமுத்தான கையெழுத்து: "இரு பக்கமும் இரும்பு தெரியும்வரை தேய்த்துப் புதிதாக வண்ணம் பூசப்பட்டது."

"யாரு மாமா இப்படித் தேய்ச்சது?"

அலுவலகத்தில் முதல் முறையாக மாமா என்றாள். அதைக் கேட்டு சந்தோஷப்பட முடியவில்லை.

அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த பராமரிப்பு அதுதான். பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் பளபளவென்று இருக்க வேண்டும். அந்த வேலைக்காகத்தான் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் வாங்கிய ஒரே கேடயம்.

மார்ச் 7, சனி

எழுதப் பிடிக்கவில்லை. கேடயம் சுவரிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

வலப்பக்கத்தை நான் தேய்க்கவில்லை.

இடப்பக்கத்தை கிரைண்டர் வைத்து நான்கு நாள் தேய்த்தேன். வலப்பக்கம் வந்தபோது சோம்பல். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மேலேயே பச்சையை அடித்துவிட்டேன். அப்புறம் யாரும் உற்றுப் பார்க்காமலிருக்க, இழுவை வண்டிக்காரனைப் பிடித்து வலப்பக்கம் சுவரை ஒட்டி நிற்கிற மாதிரி நிறுத்த வைத்தேன். நடுவில் நான்கு விரல் இடைவெளி. பதினெட்டு வருடமாக அந்தச் சந்துக்குள் பல்லியைத் தவிர வேறு யாரும் போனதில்லை. பதிவேட்டில் மட்டும் "இரு பக்கமும்".

ஆக, அந்தப் பக்கத்தில் பழைய அடுக்கெல்லாம் அப்படியே இருக்கிறது. அது தெரிந்த ஒரே ஆள் நான்.

கீழே இறங்கி அக்காவிடம் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன்."

"ஒண்ணா? எண்ணிக்கை குறையுதேடா. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"விளையாடாதக்கா. உண்மையச் சொன்னா கேடயம் போயிடும்."

"அது ஆணியிலேர்ந்து ரெண்டு தடவ என் தலையிலதான் விழுந்திருக்கு. போகட்டும் விடு."

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். நம்பவில்லை!

"என்னைத் தேத்துறதுக்கு இன்னொரு கதையா மாமா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "பதினெட்டாவதா இதையும் எழுதிக்கவா? பதிவேட்டுல உங்க கையெழுத்தே இருக்கே."

அடிப்பாவி. வாயால சொன்ன பதினேழையும் பொய்யின்னு கண்டுபிடிச்சவ, எழுதி வெச்ச ஒரே பொய்யப் போயி வேதவாக்கா எடுத்துக்கிட்டாளே. இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். காகிதத்துல இருந்தா கடவுள் சொன்ன மாதிரி.

அவளைச் சொல்லி என்ன? இருபத்திரண்டு வருஷம் கோழிக் கதை விட்டவன் திடீர்னு உண்மை பேசினா, எவ நம்புவா? நானே நம்ப மாட்டேனே.

மார்ச் 10, செவ்வாய்

காகிதத்தைத்தான் நம்புவாள் என்றால் காகிதத்திலேயே கொடுப்போம்.

கேடயத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளிறிப்போய் ஒரு சதுரம். பாப்பா திறக்கிற ஜன்னல் மாதிரியே இருந்தது.

இயக்குநர் அறைக்குப் போனேன். அவருடைய மீசை அவருக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே எந்தக் கூட்டத்துக்கும் வந்துவிடும். பாப்பாவும் அங்கே இருந்தாள். கேடயத்தை மேசைமேல் வைத்தேன். பதிவேட்டை வாங்கி, பழைய வரியை ஒரே கோட்டில் அடித்து, கீழே சிவப்பு மையில் எழுதினேன்: "வலப்பக்கம் தேய்க்கப்படவில்லை. மேலே எழுதியது பொய். எழுதியவன் நானே." கையெழுத்து, தேதி.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏன்யா தேய்க்கல?"

"சோம்பல் சார்."

"இதை நம்பி முப்பத்தாறு டன்ன நகர்த்தச் சொல்றியா? இழுவை வண்டி ஒரு தடவைதான் வரும். அது நாற்சந்திக்கா, கூடத்துக்கான்னு இன்னும் தெரியல. கோழிக் கதையெல்லாம் என் காதுக்கு வரலேன்னு நெனச்சியா?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் சரித்திரத்தில் இது பொன்னெழுத்தால் பொறிக்கவேண்டிய நாள்.

பாப்பா மட்டும் அந்தச் சிவப்பு வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11, புதன்

காலையில் போனால் பாப்பா துடைப்பக்கட்டையோடு நிற்கிறாள். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று இரண்டு அடி பின்வாங்கினேன்.

"பயப்படாதீங்க சார், பிடிங்க."

கட்டையின் நுனியில் ஒரு சின்னக் கருவியைக் கட்டியிருந்தாள். இரும்பின் மேல் வைத்தால் பெயின்ட் எத்தனை கனம் என்று எண் காட்டும். முதலில் இடப்பக்கம் வைத்தாள்: நூற்றுப் பத்து. அப்புறம் நான்கு விரல் சந்துக்குள் நான் கட்டையை நீட்ட, அவள் தரையில் படுத்து டார்ச் அடித்துப் படித்தாள்.

அறுநூற்று நாற்பது.

இன்னொரு இடம்: அறுநூற்று எழுபது.

முகமெல்லாம் ஒட்டடையோடு எழுந்தாள். "மாமா!" என்று கத்தினாள். அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "சார்" என்றாள்.

இயக்குநர் தானே வந்து ஒரு முறை கட்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான், இழுவை வண்டியைக் கூடுதலாக ஒரு தடவை வரவழைக்கக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 16, திங்கள்

பூசணி நகர்ந்தது. பூமி அரை அங்குலம் சாய்ந்தது. மூன்று தெரு தள்ளி ஒரு கிழவருக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தது. பல்லிகள் குடும்பத்தோடு வெளியேறி என்னை ஒரு பார்வை பார்த்தன.

மூன்றடி நகர்த்தினார்கள். போதும்.

மார்ச் 18, புதன்

நேற்றும் இன்றும் ஜன்னல் வேலை. என் பச்சைக்குக் கீழே சாம்பல். அதற்குக் கீழே வேறொரு பச்சை. அதற்குக் கீழே மணல் நிறம். மணல் நிறத்தின் மேல் வெள்ளையில் ஒரு வளைவு, பாப்பா பஞ்சை மாற்றி மாற்றித் துடைக்கத் துடைக்க அது ஒன்பதாக ஆனது. சாயங்காலத்துக்குள் ஐந்து எண்களும் வந்துவிட்டன. நான் விசிலடித்தேன். காவலாளி திருடன் என்று ஓடிவந்தார்.

கடைசியாக, மேல் மூடிக்குக் கீழே ஒரு இடத்தைத் திறந்தாள். அங்கே தூரிகையால் எழுதிய சின்னச் சின்ன எழுத்து. உள்ளே இருந்தவர்களில் எவனோ குறும்புக்காரன் எழுதியது:

"தட்டாதே. உள்ளே ஆள் தூங்குகிறான்."

பாப்பா எழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த இடத்தின் விளிம்பைப் பார்த்தாள்.

"இங்க மட்டும் மேல் அடுக்கு எதுவுமே இல்ல சார். உங்க பச்சைக்குக் கீழ நேரா எழுத்துதான். யாரோ உப்புத்தாள வெச்சு, கையால, ரொம்பப் பதமா தேய்ச்சு எடுத்திருக்காங்க."

"பல்லியா இருக்கும்" என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

பூசணிக்குக் கூடத்தில் இடம். நாற்சந்தியில் ஒரு நீரூற்று வைக்கிறார்களாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புதுக் கூடம் திறந்தாயிற்று. பூசணி, வலப்பக்கம் வாசலைப் பார்க்க நிற்கிறது. படை எண்ணை வைத்து, அதை ஓட்டிய நான்கு பேரின் பெயர்களையும் பாப்பா கண்டுபிடித்துவிட்டாள். பலகையில் அவை இருக்கின்றன. அதற்குக் கீழே, "இடப்பக்கத்துப் பழைய வண்ணம் எங்கள் பராமரிப்பில் அழிந்தது" என்றும் போட்டிருக்கிறாள். என்னிடம் காட்டிச் சரியா என்று கேட்டாள். சரி என்றேன்.

புதுக் கூடத்திலும் சுற்றிக்காட்ட எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பதினேழு பொய்களின் பட்டியலை என்னிடமே கொடுத்தாள். பதினாறின் மேல் கோடு. ஒன்றின் மேல் மட்டும் இல்லை. ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த நோட்டிலும் நான் சோம்பல் என்றுதான் எழுதினேன். ஊரெல்லாம் அதையே சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். பதினெட்டு வருடத்துக்கு முன், வலப்பக்கத்தில் கிரைண்டரை வைக்குமுன் உப்புத்தாளால் ஓர் இடத்தைத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு எழுத்து வந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன், முழு வரியும் வந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் இடப்பக்கத்திலிருந்து நான்கு நாளாக நான் கழுவிவிட்ட தூள், சாக்கடையில் பச்சையும் மணலுமாகப் போய்க்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது?

தெரியாது. யாருக்கும் இனித் தெரியாது.

கிரைண்டரை அணைத்துவிட்டேன். வலப்பக்கத்து வரியைச் சொன்னால் இடப்பக்கத்தில் அழித்ததையும் சொல்ல வேண்டும். அதனால் மேலே பச்சையை அடித்து, சுவரோரம் நிறுத்தி, வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆற்றை நீந்தியது பொய், கோழி பொய், தளபதியின் தும்மல் பொய். உள்ளே ஆள் தூங்குகிறான் என்பது மட்டும் நிஜமாகவே அங்கே எழுதியிருந்தது.