நீ தராமல் போன இணைப்புச் சொற்கள்

நேற்று அந்த ஸ்பானியக்காரரோடு நானே வியாபாரம் பேசி முடித்தேன், மச்சான். நீ செத்த பிறகு முதல் தடவையாக.

வாவிக் கரையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அந்த மனிதர் குருக்கள்மடத்தில் நான் நண்டு வாங்கி விற்கும் வாடிக்குள் வந்ததும், நீ வழக்கமாக உட்காரும் கதிரையைத்தான் முதலில் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையல்ல, கோபம்.

கப்பலில் அந்த நாட்டுக்காரரோடு வேலை செய்து பாஷையைக் கொண்டுவந்தவன் நீ. அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்து பேசித் தந்தவனும் நீதான். எனக்கும் சொல்லித் தந்தாய், இல்லையென்று சொல்லவில்லை. நண்டு, இறால், ஐஸ், காற்று, நாளை. சாமான்களின் பெயர் எல்லாம் தந்தாய். அவற்றைச் சேர்த்துக் கட்டும் சொல் ஒன்றுகூடத் தரவில்லை. "ஆனா எண்டுறத்துக்கு அவங்கட பாஷையில என்ன மச்சான்?" என்று கேட்டால் சிரிப்பாய். "அதை மறுகா பாப்பம். நான் இருக்கிறன்தானே, உனக்கென்ன அவசரம்?"

நீ இருக்கவில்லையே.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கிழமை அவர் நண்டு கேட்டு வந்தார். காற்று விழுந்து அடங்கினால்தான் தோணி போகும், போனால்தான் நண்டு என்று சொல்ல வேண்டும். என் வாயில் வந்தது காற்று, தோணி, நாளை, நண்டு. அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டு ஒரு கூட்டத்தையே விருந்துக்கு அழைத்துவிட்டார். காற்று விழவில்லை. மறுநாள் எல்லாருக்கும் முன்னால் நின்று கத்தினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை, முகம் விளங்கியது. வாக்குத் தவறாதவன் என்ற பெயரை மட்டும் முதலாகப் போட்டு வளர்ந்தவன் நான்.

பிறகு போனில் பாடம் கேட்டுப் படித்தேன். நம்முடைய 'உம்' ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒட்டும். அவர்களுடைய 'இ' இரண்டுக்கும் நடுவில் நிற்கும். 'சி' முன்னால் வந்தால் பின்னால் வருவது வாக்கல்ல, நிபந்தனை. நான் கேட்ட 'ஆனா'தான் 'பெரோ', சொன்னதை அழிக்காமல் மறித்துப் பேசும். இல்லை என்று சொன்ன பிறகு வரும் 'சினோ', அந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கும். சில கிழமை வேலை. இதையா வருஷக்கணக்காகப் பூட்டி வைத்தாய்?

உன் மனிசியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். தேத்தண்ணியை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அண்ணன், நீங்க கதைச்சுத் தரக் கூப்பிடாத நாளில அவர் சேட்டுக்கூடப் போடமாட்டார், வீட்டுக்குள்ளயே இருப்பார்."

அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே. வேலை இல்லாத நாளிலும் கூப்பிட்டிருப்பேன். தேவை இருந்தால்தான் ஆளைத் தேடுவான் என்றா என்னை இவ்வளவு காலமும் எடை போட்டு வைத்திருந்தாய்? அதுதான் எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் இப்போதும் வாடியைத் திறக்கிறேன்.

நேற்று அவர் கை தந்து ஒப்புக்கொண்டது இது. காற்று விழுந்தால் நண்டு. விழாவிட்டால் நண்டல்ல, கரையில் வீச்சு வலையில் பிடித்த இறால். இரண்டும் இல்லையென்றால் விடியுமுன் சொல்லிவிடுவேன். அவர் வேறிடத்தில் வாங்கலாம், ஆனால் அடுத்த நாள் என்னிடம்தான் வர வேண்டும். ஐஸ் அவருடையது, வண்டி என்னுடையது.