அப்பா நிறுத்திவைத்த அமராவதி

என் மோட்டார்க்கார அப்பாவுக்கு,

அமராவதி வளர்ந்துவிட்டாள். இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அணையைச் சொல்லவில்லை. கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவிக்குள் நீங்கள் வளர்த்த அந்த நீலத் தலைப்பிரட்டையைச் சொல்கிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? முழங்கால் ஆபரேஷன் முடிந்து, வெள்ளகோவில் வீட்டில் கட்டிலோடு கிடந்தீர்கள். முப்பது வருடம் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய கை சும்மா இருக்குமா? போர்வை நூலைப் பிரிக்க ஆரம்பித்தீர்கள். அம்மா பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். காந்திபுரத்தில் எனக்காகவே ஆசையாக வாங்கிய கருவியைக் கொண்டுவந்து கொடுத்தேன். நாற்பத்து நான்கு வயதில் வாங்கிய முதல் விளையாட்டுச் சாமான் அது. கொடுக்க மனசே இல்லை, இப்போது சொன்னால் என்ன?

விசித்திரமான பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடும் விளையாட்டு. ஆரம்பத்திலேயே நெருப்பு, செடி, தண்ணீர் என்று மூன்று குட்டிகளைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“நெருப்பு ஊட்டுக்குள்ள எதுக்கு அம்மணி? செடிகொடி நம்ம காட்டுலயே கெடக்குது. வெள்ளகோயில்காரன் தண்ணிய உட்டுப்போட்டு வேறெதை எடுப்பான்?”

பெயரும் வைத்தீர்கள், அமராவதி. “கெணத்துல தண்ணி இல்லீங்க, இவுரு பொட்டிக்குள்ள வளக்கறாருங்க” என்று அம்மா பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது கூப்பிட்டீர்கள். “அம்மணி, இது அப்பப்ப பளிச்சு பளிச்சுன்னு மின்னுது. நான் ஒடனே பொத்தான அமுத்தி நிறுத்திப்போடறேன். என்ன கோளாறுன்னு பாரு.”

கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், “சார்ஜர் லூசா இருக்குமுங்கப்பா, மாத்திப் பாருங்க” என்றேன். எப்போது மின்னுகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை?

போன வாரம் உங்கள் வருடத் திதிக்கு ஊருக்கு வந்தேன். சடங்கெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அம்மா அலமாரியிலிருந்து கருவியை எடுத்துவந்தார். கூடவே பிரிட்ஜுக்கு வைக்கிற ஸ்டெபிலைசர். அதில் இந்தத் துளி சார்ஜரைச் செருகியிருந்தீர்கள், அப்பா! திதி வீடு என்பதை மறந்து சிரித்துவிட்டேன்.

கருவியைத் திறந்தால் அமராவதி முப்பத்தெட்டாம் நிலையில் நிற்கிறாள், அதே குட்டி உருவத்தில். சண்டையில் ஜெயிக்க ஜெயிக்க நிலை ஏறும்; பதினாறிலேயே உருமாறிப் பெரிதாகியிருக்க வேண்டியவள். குட்டியாகவே இருக்கட்டும் என்று பாசத்தில் நிறுத்திவைத்தீர்களோ என்று எனக்குக் கண் கலங்கியது.

“பாசமாவது ஒண்ணாவது!” என்றார் அம்மா. “வெளிச்சம் அடிச்சாப் போதும், ‘வோல்டேஜ் ஏறுது, காயில் போயிரும்’னு பதறி அமுத்துவாரு.”

அப்போதுதான் புரிந்தது. உருமாறும் நேரத்தில்தான் திரை மின்னும். அந்தப் பொத்தானை அமுக்கினால் மாற்றம் நின்றுபோகும். அடுத்த நிலையில் அது மறுபடி முயலும். ஆக, இருபது முறைக்கு மேல் வளரப் பார்த்தவளை, எரிந்துபோகாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள். இதைத்தான் அன்று போனில் சொன்னீர்கள்.

ஒரு சண்டை விளையாடினேன். ஜெயித்தாள். முப்பத்தொன்பது. திரை மின்னியது. என் கட்டைவிரல் தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கியது.

“நீ ஏங்கண்ணு அமுத்துன?”

“மாறிட்டா இந்த மொகம் திரும்ப வராதும்மா. அப்பா பாத்த மொகம் இதுதானுங்களே.”

தினமும் சாயங்காலம் நீங்கள் “சாப்டயா சாமி?” என்று கேட்டது இந்த உருண்டைக் கண்களைப் பார்த்துத்தான். அதை அழித்துவிட்டு நான் என்ன செய்வேன்?

“உங்கப்பா தெரியாம நிறுத்துனாரு,” என்றார் அம்மா. “இது வளரும்னு தெரிஞ்சிருந்தா தெருவையே கூட்டியாந்து காட்டியிருப்பாரு. நீ தெரிஞ்சே நிறுத்தறயே அம்மணி.”

இன்னொரு சண்டை. நாற்பது. திரை மின்னியதும் கருவியை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெள்ளையாகப் பளபளத்து, நீண்டு, வால் சுருங்கி, கால் முளைத்து, தோள் விரிந்து எழுந்து நின்றாள் அமராவதி. வாயைத் திறந்து திரை நிறையத் தண்ணீரைப் பீய்ச்சினாள்.

“அட சாமீ! அஞ்சு எச்.பி. மோட்டாராட்டம் அடிக்குது பாரு!” அம்மா கைதட்டினார். அந்தக் கைதட்டலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கண்கள் மட்டும் மாறவில்லை, அப்பா. அதே உருண்டை.

இன்னும் ஒரு மாற்றம் பாக்கி இருக்கிறது. அதை அம்மாவே விளையாடி எட்டுவதாகச் சொல்லிக் கருவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். எனக்குத் திருப்பித் தருவதாக இல்லை. நேற்று போன் செய்து, “கண்ணு, இது புதுசா என்னமோ சத்தம் போடுது” என்றார். கணினியை மூடி வைத்தேன். “எப்பங்கம்மா? எப்படிச் சத்தம்? மெதுவாச் சொல்லுங்க” என்றேன். அரை மணி நேரம் பேசினோம். இனி எப்போதும் அப்படித்தான் கேட்பேன், அப்பா. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

ஸ்டெபிலைசரை மட்டும் கழற்றவில்லை.

நீங்கள் கூப்பிட்ட அதே
அம்மணி,
உங்கள் மகள்