கையில் வாங்காத துரும்பு

1936 பிப்ரவரி 3, மதுரை

வக்கீல் இன்று எழுதச் சொன்ன நோட்டீஸில் 'டெர்மினேட்' என்று ஒரு சொல். யாரோ ஒருவருடைய குத்தகையை முடிப்பதற்கு. அகராதியைப் புரட்டினேன்: முடித்தல், நீக்குதல், எல்லை வகுத்தல். மூலம் லத்தீன். 'டெர்மினுஸ்' என்றால் எல்லைக்கல்லாம். "ரோமாபுரியிலே ரெண்டு பக்கத்து நிலத்துக்காரனும் வருஷா வருஷம் வந்து அந்தக் கல்லுக்கு மாலை போடுவான்" என்றார் வக்கீல். நம்புவதற்கில்லை. எங்கள் பக்கம் கல்லைத் தேடி வருகிறவன் நகர்த்தத்தான் வருவான்.

பிப்ரவரி 5

ஜெயக்கொடியிடமிருந்து சேதியே இல்லை. பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டில், சமயநல்லூரில் விட்ட அன்று, அவள் அண்ணன் விருமாண்டி வீட்டுப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். என்னைப் பார்த்துத்தானே எல்லோரும் சிரித்தார்கள்? பின்னே, வேறு யாரைப் பார்த்து?

பிப்ரவரி 9

விருமாண்டி ஆபீசுக்கு வந்து தேடினானாம். கூட வேலை பார்க்கும் சேக் இஸ்மாயில் சொன்னார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "மாப்ள கையில நேர்லதான் குடுக்கணும்" என்றானாம்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் சனத்தில் கல்யாணத்தை முறிக்கக் கோர்ட் வேண்டாம். நாலு பேர் அறிய ஒரு துரும்பைக் கையில் கொடுத்தால் தீர்ந்தது. லத்தீன்காரனுக்குக் கல், எங்களுக்குத் துரும்பு. ஆனால் வாங்காதவரை தீராது. நான் வாங்கப் போவதில்லை.

பிப்ரவரி 10

மறுபடி வந்தான். கூட இரண்டு பேர் - சாட்சிக்கு. பின்வாசல் வழியாக நழுவிவிட்டேன். அவள் இல்லாமல் எப்படி இருப்பேன்?

பிப்ரவரி 12

இன்று அந்த இருவரோடும் வந்து வாசலிலேயே மடக்கிவிட்டான். மடியிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை எடுத்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "கொன்னாலும் வாங்க மாட்டேன்! அவளே வந்து குடுக்கட்டும்!" என்று தெருவே பார்க்கக் கத்தினேன்.

விருமாண்டி துரும்பை என் முகத்துக்கு நேரே ஆட்டினான். "ஏ மாப்ள, கிறுக்கா புடிச்சிருக்கு? பொம்பளப்புள்ள பொறந்திருக்குய்யா! அப்பன்கிட்ட சொல்லாம ஊரானுக்கா சொல்லுவேன்? இது புள்ள கால் அளவு. மொதக் கொலுசு அப்பன்தான் வாங்கணும்னு தங்கச்சி ஒரே பிடிவாதம்."

சாட்சிகள் என்று நான் நினைத்த இருவரும் அவனோடு வைக்கோல் வண்டியில் சந்தைக்கு வந்தவர்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான். கையை நீட்டினேன். துரும்பு என் நடுவிரல் நீளம்தான் இருந்தது.

பிப்ரவரி 13

தெற்காவணி மூலவீதி ஆசாரி, அளவை வைத்துவிட்டு நாளை வரச் சொன்னார். தொலைத்துவிடுவாரோ என்று சந்தேகம். கொலுசு முடிகிறவரை பட்டறையை விட்டு நகரப் போவதில்லை.