முந்தி ஓடிய கடிகாரம்

மாப்ளே, நேற்று நம் பழைய துணை மின்நிலையத்துக்குள் ஒரு நடை போய்ப் பார்த்தேன். கட்டுப்பாட்டு அறையில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். எல்லாத் திரையிலும் ஒரே மணி. எப்படியம்மா என்று அங்கிருந்த பொறியாளர் பெண்ணிடம் கேட்டேன். "நெட்வொர்க்குல அதுகளே ஒண்ணுக்கொண்ணு கேட்டுச் சரி பண்ணிக்கிரும் சார்" என்றாள். எனக்குப் போனில் கேட்கும் உன் குரல்தான் ஞாபகம் வந்தது. நம் காலத்தில் அந்த நெட்வொர்க் நீதான்.

எண்பதுகளில் ஒரு மழை நாள். மாலையில் கம்பம் பள்ளத்தாக்கே இருண்டுபோனது. எந்த நிலையத்தில் முதலில் மின்சாரம் போனதோ, கோளாறு அங்கே என்பது மேலதிகாரிகள் கணக்கு. எல்லா நிலையமும் சொன்ன நேரத்தை ஒப்பிட்டார்கள். முதலில் போனது நம்முடையதாம். தவறான சுவிட்சைத் திறந்து நீதான் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டாய் என்று முடிவே கட்டிவிட்டார்கள். உன் வேலைக்கே உலை. வீட்டில் கைக்குழந்தை வேறு.

விசாரிக்க வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னார்: "உனக்கு நேரம் சரியில்லப்பா. மன்னிப்பு எழுதிக் குடுத்துரு, பாத்துக்கிருவோம்."

"நேரந்தான் சார் சரியில்ல. நான் சரியாத்தான் இருக்கேன்" என்றாய்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நீ அவர் முன்னாலேயே போனை எடுத்து, நிலையம் நிலையமாகக் கூப்பிட்டு, "அண்ணே, அங்கன இப்ப மணி என்ன?" என்று கேட்டாய். ஆளுக்கொரு மணி சொன்னார்கள். மலையடிவார நிலையத்துக் கடிகாரம் எல்லாவற்றையும் முந்தி ஓடியது. "பஸ்ஸத் தவற விட்ரக் கூடாதுன்னு பெரியவுக கூட்டி வச்சாக தம்பி. ரொம்ப வருசமா அப்படித்தான்" என்றார் அங்கிருந்தவர். அதிகாரியே சிரித்துவிட்டார். கூட்டி வைத்ததைக் கழித்தால் முதலில் போனது அவர்களுடையது. அந்தப் பக்கம் கம்பி மேல் மரக்கிளை முறிந்து விழுந்திருந்தது. யார் மேலும் குற்றமில்லை.

அதோடு விட்டாயா நீ? தினமும் காலையில் செய்திக்கு முன்னால் ரேடியோவில் வரும் பீப் ஒலிக்கு நேரே போனைப் பிடித்து, எல்லா நிலையமும் அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரி வைக்கச் செய்தாய். ஆபீஸ் போனில் ரேடியோவா என்று மெமோ வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுநாளும் பிடித்தாய்.

நீ இல்லாதது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை, மாப்ளே. ஆனால் உன் திமிரை நான் விடவில்லை. தெருவில் யார் தலையிலாவது பழியைப் போட்டு, "ஒத்துக்கிட்டுப் போயிரு" என்று நாலு பேர் சொன்னால் எழுந்துவிடுகிறேன். "எந்தக் கடிகாரத்தப் பாத்துச் சொல்றீக?" என்று கேட்கிறேன்.  கிழவன் வந்துட்டான்யா என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். செய்யாத தப்புக்கு இங்கே எவனும் மன்னிப்பு எழுத, நான் இருக்கும்வரை விடமாட்டேன்.