விடுபட்ட ஆறாம் இடம்

திருத்தணி
9.3.2025

அன்புள்ள ஷோபனாவுக்கு,

அனுராதா எழுதுகிறேன். எங்கள் அறிக்கையைப் பற்றிய உன் கட்டுரை வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் இப்போதுதான். குழந்தை எழிலனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் என்று சாக்கு சொல்லலாம். காய்ச்சல் நாலாம் நாளே விட்டுவிட்டது.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் குன்று முழுக்கச் சில ஆயிரம் வருஷத்துக்கு முன் தங்கள் வேதத்தில் வரும் ஒரே வெள்ளத்தில் படிந்தது என்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்காரர்களின் ஆய்வுக் குழு எழுதியதை, வேறு யாராவது என்றால் கேலி செய்தே முடித்திருப்பார்கள். நீ அவர்கள் நம்பிக்கையைத் தொடவே இல்லை. பாறைச் சரிவை ஒழுங்காக அளந்திருக்கிறார்கள் என்று பாராட்டியும் இருக்கிறாய். அப்புறம் ஒரே கேள்வி: அளந்த இடங்களின் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு அடுத்து ஏழு வருகிறதே, ஆறு எங்கே? அத்தனை தூரம் தன்பாத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு மட்டும் எப்படியடி கண்ணில் பட்டது?

ஆறு என்னிடம் இருக்கிறது.

குன்றை அளக்கப் போன அன்று குழுவில் மற்றவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். எழிலன் பசியில் கத்த, நான் ஒரு பாறையில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் கண் சும்மா இருக்குமா? எதிர்ப் பாறையில், கோடையில் ஏரி காய்ந்து வெடிக்குமே, அதே கோடுகள். இரண்டு முழம் மேலே இன்னொரு வரிசை. அதற்கும் மேலே ஒன்று. மூன்று தடவை சேறு படிந்து, மூன்று தடவை வெயிலில் காய்ந்திருக்கிறது. வெள்ளத்துக்கு அடியில் எப்படிக் காயும்? அளந்து, படம் எடுத்து, ஆறு என்று எண் போட்டேன். குழுத் தலைவர் பார்த்துவிட்டு, இதெல்லாம் குழப்பம்மா, அறிக்கைக்குப் பிரதி எடுக்கும்போது விட்டுடுங்க என்றார். விட்டேன். மற்ற எண்களை மாற்ற மட்டும் கை வரவில்லை.

ஜூனில் என் வேலையை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை நாள். பொதட்டூர்பேட்டை லுங்கி லோடை இறக்கிவிட்டு வந்த களைப்பில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், வேலை இருக்குமோ போகுமோ எனக்குத் தெரியாது, மூணு வாரமா எதையோ யோசிச்சிகினு குழம்புல உப்புப் போட மறக்கிற, அதுதான் தெரியுது என்றார்.

குறிப்பேட்டையும் படங்களையும் இத்துடன் அனுப்புகிறேன். அறிக்கை எழுதியவர்களில் என் பெயரை மட்டும் நீ எங்கும் சொல்லவில்லை. சிநேகிதியைக் காப்பாற்றியிருக்கிறாய். அந்தத் தயவு இனி வேண்டாம். பார்த்ததும் அனுராதா, மறைத்ததும் அனுராதா என்று இரண்டையும் எழுது.

உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இது கைக்கு வந்த அன்றே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிடு. நடுவில் நான் போன் செய்து வேண்டாம் என்றால் கேட்காதே.

உன்
அனுராதா